ஒன்பதாம் படிவமும் எலுமிச்சை மஞ்சள் சட்டையும்

மைதானத்தில் அவருக்கு அங்குலம் என்று பெயர். பந்து வெளியே விழுந்ததா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை. முக்கால் அங்குலம் வெளியே என்பார். கேட்டவர் போதும் சாமி என்று நகர்ந்தாலும் விடாமல், காற்று மட்டும் இல்லாதிருந்தால் அரை அங்குலம்தான் என்று முதுகைப் பார்த்துச் சொல்லி முடிப்பார்.

வாரத்தில் ஆறு நாள் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடையின் உள்ளறையில் விளக்கை அணைத்துவிட்டு, வந்தவர் மூக்கில் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகி, இப்போது தெரிகிறதா, இப்போது தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவசரமே படமாட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் டென்னிஸ் மைதானத்தில் கோட்டு நடுவர். கோட்டு நடுவர் என்றால் ஆட்டக்காரருக்குப் பின்னால், சுவர் ஓரமாக, குனிந்து முழங்காலில் கை ஊன்றிக்கொண்டு, ஒரே ஒரு கோட்டை மட்டும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் பிறவி. பந்து வெளியே போனால் கையை நீட்டி "அவுட்" என்று கத்த வேண்டும். உள்ளே விழுந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அவர்களை யாராவது கவனித்துவிட்டால் ஏதோ தகராறு என்று பொருள். இப்படி யார் கண்ணிலும் படாமல் அங்குலம் இருபத்திரண்டு வருஷம் ஓட்டியிருந்தார்.

அந்த இருபத்திரண்டு வருஷமும் நடுவர் சீருடை கருநீலச் சட்டைதான். அதற்குக் காரணம் இருந்தது. எலுமிச்சை மஞ்சள் பந்து கருநீலத்துக்கு எதிரே பளிச்சென்று தெரியும். அவ்வளவுதான் சூத்திரம். போகப் போக அங்குலத்துக்கு வேறு நிறமே பிடிக்காமல் போய்விட்டது. கடைக்குக் கருநீலம், கல்யாண வீட்டுக்குக் கருநீலம், வீட்டில் சும்மா இருக்கும்போதும் பழைய கருநீலம். அவருடைய மனைவி துணி காயப்போடும்போது எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, உங்க வீட்டுல எத்தனை பேர் காவல் வேலைக்குப் போறாங்க என்று கேட்டாளாம். மனைவி அதை வந்து சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. கருநீலம் அழுக்குத் தாங்கும் என்றார்.

ஒரே ஒரு ஆசைதான் அவருக்கு. ஆண்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அந்த உயரமான நடுவர் நாற்காலியில் ஏறி உட்கார வேண்டும். சின்ன ஆட்டங்களுக்கு ஏறியிருக்கிறார். மூட்டுவலிக்காரர்கள் நாலு பேர் ஆடும் இரட்டையர் ஆட்டம், மழை வந்து பாதியில் நின்றுபோன ஆட்டம் என்று அப்படித்தான் வாய்த்தது. இறுதி ஆட்டம் என்றால் மட்டும் யாராவது ஒருவர் குறுக்கே வந்துவிடுவார். ஒரு வருஷம் சங்கத் தலைவரின் மச்சானே ஏறினார். ஆட்ட இடைவேளைதோறும் அவரைக் கீழேயிருந்து தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. அறுபது வயதானால் நடுவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது விதி. அங்குலத்துக்கு அப்போது ஐம்பத்தொன்பது.

அந்த வருஷம்தான் கடிதம் வந்தது. இறுதி ஆட்டம், நாற்காலி நடுவர், அவர் பெயர். மூன்று தடவை படித்துவிட்டு மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மாள் கண்டிப்பான ஆள். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. இத்தனை வருஷத்தில் ஒரு நாள் கூட மைதானத்துப் பக்கம் வந்ததில்லை. நீங்கள் கோட்டைப் பார்ப்பதை நான் எதற்கு வந்து பார்க்க வேண்டும் என்பது அவள் கட்சி. கடிதத்தைப் படித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தால் வருகிறேன் என்றாள். அங்குலத்துக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குக் கடையில் ஒருவருக்கு இடக்கண் வில்லையை வலக்கண்ணில் மாட்டிவிட்டார்.

இனிமேல் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டென்னிஸ் சங்கத்தின் அலுவலகம் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மூன்று அறைகள். கோப்பைகள் வைத்த கண்ணாடி அலமாரி ஒன்று; அதன் சாவி தொலைந்து பல காலம் ஆகிவிட்டதால் கோப்பைகளைத் துடைக்கும் தொல்லை யாருக்கும் இல்லை. செயலாளருக்கு நடுவர்கள் வைத்த பெயர் சுற்றறிக்கை. ஏதோ அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர்ப் பானையை யார் மூடுவது என்பதற்குக் கூட மூன்று பக்கச் சுற்றறிக்கை விட்டவர் அவர். கடைசியில் பானையைத்தான் யாரும் மூடவில்லை.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சீருடை பற்றிய சுற்றறிக்கை வந்தது. இருபத்தாறு விதிகள். காலுறை கணுக்காலுக்கு மேல் நான்கு விரற்கடை. தொப்பியின் விளிம்பு புருவத்துக்கு இணையாக. மேல் பொத்தான் திறந்திருக்கலாம், இரண்டாவது கூடாது. குனியும்போது சட்டை இடுப்பிலிருந்து வெளியே வரக் கூடாது. வந்தால் நிமிராமலே உள்ளே செருக வேண்டும். அது எப்படி முடியும் என்று நடுவர்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு முயன்று பார்த்தார்கள். இதெல்லாம் போகட்டும். பதினான்காம் விதியில்தான் விஷயம் இருந்தது. போட்டிக்குப் புதிதாக ஆதரவு தந்த மின்விசிறிக் கம்பெனியின் நிறத்தில் இனி நடுவர் சட்டை இருக்கும். அந்த நிறம் எலுமிச்சை மஞ்சள்.

இது எப்படி நடந்தது என்று பிறகு விசாரித்தபோது தெரிந்தது. செயற்குழுவினர் ஏழு பேரும் மாடியில் கூடி, மேஜையில் துணித் துண்டுகளைப் பரப்பி, குழல் விளக்கு வெளிச்சத்தில் தடவிப் பார்த்து, கண்ணுக்குக் குளுமை என்று ஏகமனதாக முடிவு செய்திருக்கிறார்கள். டென்னிஸ் சங்கத்தின் அலுவலகம் அது. ஏழு நாற்காலி, இரண்டு அலமாரி, முத்திரைகள், மைப்பெட்டி எல்லாம் இருந்தன. ஒரு பந்து இல்லை. இருந்திருந்தால் யாராவது அந்தத் துணிமேல் வைத்துப் பார்த்திருப்பார்கள். பந்தும் சட்டையும் ஒரே நிறம் என்பது ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமையே கூத்து தொடங்கிவிட்டது. அங்குலத்துக்கு மையக் கோடு. பந்து போடுகிறவருக்கு நேர் பின்னால் சுவரோரம் நிற்க வேண்டும். எதிரே நின்று பந்தை எடுக்க வேண்டியவர் பார்த்தால் அங்குலத்தின் மார்பும் வயிறும்தான் தெரியும். பந்து மேலே எழும்பும், சட்டைக்குள் போய் மறையும், திடீரென்று முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும். நல்ல ஆட்டக்காரர்கள் கரண்டி தவறவிட்டவர்கள் போல மட்டையோடு திகைத்து நின்றார்கள். ஒருவர் பந்து வருகிறது என்று நினைத்து வெறும் காற்றை ஓங்கி அடித்தார். அப்போது அங்குலம் தும்மியிருந்தார், அவ்வளவுதான். வயிறு சற்றுப் பெரிதான கோட்டு நடுவர்களுக்கு எதிர்ப்பக்கம் எந்த ஆட்டக்காரரும் நிற்க விரும்பவில்லை.

அங்குலம் சிறு நோட்டில் குறித்துக்கொண்டார். ஒரே நாளில் பதினொரு பந்து சட்டைக்குள் போயிருந்தது. அவருக்குக் கோபத்தைவிட வெட்கமே அதிகமாக இருந்தது. வாரம் முழுக்க ஜனங்களுக்குக் கண் தெரிய வைப்பதுதான் அவர் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை அவரே நின்று பந்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். பதில் போடுவதில் மட்டும் சங்கம் படு சுறுசுறுப்பு. பார்வை இடையூறு குறித்த புகாரை நாற்காலி நடுவர் ஒன்பதாம் படிவத்தில் மட்டுமே பதிவு செய்ய முடியும், தங்கள் கடிதம் படிவமல்ல என்று மறுநாளே பதில் வந்தது. அங்குலம் ஒன்பதாம் படிவத்தை வாங்கிப் பார்த்தார். இடையூறு செய்தது யார் என்ற கட்டத்தில் பார்வையாளர், விலங்கு, பறவை, வானிலை என்று நான்குதான் அச்சடித்திருந்தது. பொருந்தாதவற்றை அடிக்க வேண்டும். நடுவரின் சட்டை எதிலும் பொருந்தவில்லை. இதைச் சுட்டிக்காட்டி இரண்டாம் கடிதம் போட்டார். நான்கிலும் பொருந்தாததால் இடையூறு நேரவில்லை என்றே கருதப்படும் என்று பதில் வந்தது. மூன்றாம் கடிதத்துக்கு, முந்தைய இரண்டு பதில்களையும் பார்க்கவும் என்று ஒரு வரி.

"இவங்களோட எதுக்கு மல்லுக்கு நிக்கறீங்க? இறுதி ஆட்டத்துல ஏறி உக்காருங்க, இறங்கி வந்துடுங்க. மஞ்சளோ ஊதாவோ, யார் பாக்கறா?" என்றாள் மனைவி.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அங்குலமும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மஞ்சள் சட்டைக்குள் கை நுழைய மறுத்துவிட்டது. பழைய கருநீலத்தை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார்.

அன்று அவர் நின்ற பக்கத்தில் ஒரு பந்தும் காணாமல் போகவில்லை. ஆட்டக்காரர்கள் இருவரும் ஆட்டம் முடிந்ததும் வந்து கைகுலுக்கினார்கள். கோட்டு நடுவரிடம் யாரும் அப்படிச் செய்வதில்லை. பின்னாலேயே சுற்றறிக்கை வந்தார். கையில் அளவு நாடா. முதலில் காலுறையை அளந்தார், நான்கு விரற்கடை சரியாக இருந்தது. தொப்பியைப் பார்த்தார், சரி. பொத்தான் சரி. சட்டை நிறத்துக்கு வந்தபோது நாடாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் சற்று நின்றார். பிறகு கடிதம் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடிதம் வந்தது. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு மாடியில் விசாரணை.

அங்குலம் மஞ்சள் சட்டையை மடித்து ஒரு பையில் எடுத்துக்கொண்டு போனார். ஏழு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றறிக்கை குற்றச்சாட்டைப் படித்தார், உட்பிரிவுகளோடு சேர்த்துக் கால் மணி நேரம். சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தலைவர் கேட்டார். அங்குலம் சட்டையை மேஜைமேல் விரித்தார். கால்சட்டைப் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து அதன்மேல் வைத்தார். பிறகு கடையில் கேட்கிற அதே பொறுமையான குரலில், "இப்போ தெரியுதாங்க ஐயா?" என்றார்.

தலைவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்தக் கண்ணாடி அங்குலத்தின் கடையில் செய்ததுதான். குனிந்து பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார். ஏழு பேரில் ஒருவராகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மச்சான் கை நீட்டித் தடவித்தான் பந்தைக் கண்டுபிடித்தார். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் ஆதரவு தந்த கம்பெனியின் மின்விசிறிதான்.

அப்புறம் நடந்ததைக் கேட்டால் உங்களுக்கு வயிறு எரியும். அங்குலத்தை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். பந்தின் நிறத்தை மாற்றிவிட்டால் என்ன என்று ஒருவர் ஆலோசனை சொன்னாராம். அது உலகத்தையே கேட்க வேண்டிய விஷயம் என்று தெரிந்ததும் கைவிட்டார்கள். கடைசியில் வெள்ளிக்கிழமை முதல் மறுபடியும் கருநீலம் என்று முடிவானது. காரணம் என்ன எழுதினார்கள்? சலவையில் சாயம் போவதால் மஞ்சள் சட்டை திரும்பப் பெறப்படுகிறது என்று எழுதினார்கள். பந்து என்ற சொல்லே அந்தக் குறிப்பில் இல்லை.

அங்குலம் கருநீலம் போட்டது போன ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு மஞ்சள்தான் விதி. ஆகவே குற்றம் குற்றம்தான். சுற்றறிக்கை அவரை உள்ளே அழைத்து ஒரு தாளை நகர்த்தினார். எல்லாம் உங்கள் நன்மைக்காகத் தயாரித்தது, ஒரு கையெழுத்து போட்டால் விவகாரம் முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் நீங்கள்தான் என்றார். அதில் இரண்டு வரிதான் இருந்தது. மஞ்சளுக்கும் கருநீலத்துக்கும் வேறுபாடு தெரியாமல் மாற்றி அணிந்துவிட்டேன். இனி கவனமாக இருப்பேன்.

அங்குலம் பேனாவை எடுத்தார். இல்லை என்று சொல்ல மாட்டேன், அவர் பேனாவை எடுத்தார், மூடியையும் கழற்றினார். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த நாற்காலி அந்தத் தாளுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பேனாவைப் பழையபடி மூடினார்.

"ஐயா, நான் கண் டெஸ்ட் பண்றவன். எனக்கே ரெண்டு கலரும் வித்தியாசம் தெரியலன்னு எழுதிக் குடுத்துட்டு, அந்த நாற்காலில ஏறி என்னத்தைப் பாத்துச் சொல்றது?"

அது விதிகளில் இல்லாத கேள்வி என்பதால் சுற்றறிக்கை தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு ஆட்டத்துக்குத் தடை என்று உத்தரவு போட்டார்கள். அந்த ஒரு ஆட்டம் எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாற்காலி நர்ஸம்மாவுக்குப் போனது. ஆஸ்பத்திரி நர்ஸ் அவர். பத்து வருஷமாக அங்குலத்தோடு கோட்டில் நின்றவர். நேராகக் கண்ணாடிக் கடைக்கே வந்து, நான் ஏற மாட்டேன் அண்ணா என்று நின்றார். நீ ஏறாவிட்டால் மச்சான் ஏறுவார் என்று அங்குலம் சொன்னதும்தான் சம்மதித்தார். போகும்போது இரண்டு நுழைவுச் சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். மனைவியோ இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு கையெழுத்துதானே, கை என்ன தேய்ந்தா போய்விடும் என்று பாத்திரங்களிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அந்தச் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, சரி நானும் வருகிறேன், நீங்கள் சும்மா உட்கார்ந்திருப்பதை நான் பார்த்ததே இல்லை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கருநீலச் சட்டை போட்டுக்கொண்டு அவர் கிளம்பி நின்றபோது, மனைவி தடை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலை மறித்தாள். கடைசி வரியைப் படித்தீர்களா என்று கேட்டாள். அவர் படித்திருக்கவில்லை. விதி என்றால் முற்றுப்புள்ளி வரை படிக்கிற மனிதர். அன்றைக்குப் பாதியிலேயே எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது. தடைக்காலத்தில் சங்க வளாகத்துக்குள் சீருடை நிறத்தில் மேலாடை அணியக் கூடாது என்று இருந்தது. முன்பொரு சமயம் தடை விதிக்கப்பட்ட ஒருவர் வழக்கம்போல வந்து கோட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தாராம். மூன்று ஆட்டம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்களாம். அதிலிருந்து அந்த விதி.

சீருடை நிறம் மறுபடி கருநீலம். அலமாரியைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை கருநீலம். அடியில் கிடந்த ஒரு வெள்ளைச் சட்டையை இழுத்துப் போட்டார். அது கல்யாணமான புதிதில் எடுத்தது, பொத்தான்கள் ஒன்றையொன்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டன. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. அடுப்படித் துடைப்புக்கு ஆகும் என்று மனைவி எடுத்து வைத்திருந்த எலுமிச்சை மஞ்சள் சட்டைதான் மிச்சம். அது இப்போது சீருடை இல்லை. அதை அணிய எந்த விதியும் தடுக்கவில்லை.

நர்ஸம்மா ஆசையாகக் கொடுத்த இடங்கள் மைதானத்தின் முனையில், சுவருக்கு மேலே முதல் வரிசையில் இருந்தன. கோட்டு நடுவர்கள் எல்லாம் கருநீலத்தில் கீழே வரிசையாக நின்றார்கள். அங்குலம் உட்கார்ந்ததும் தானாகவே முழங்கால்களில் கை ஊன்றிக்கொண்டார். மனைவி அந்தக் கைகளை எடுத்து மடியில் வைத்தாள். உயரத்தில் நர்ஸம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அங்குலத்துக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. மனைவி தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள்.

முதல் ஆட்டத்தில் இரண்டு பந்துகள்தான் போயிருக்கும். எதிர்முனையில் நின்ற ஆட்டக்காரர் கையை உயர்த்தினார். உயரமான பந்து வரும்போது தெரியவில்லை என்று மட்டையால் இந்தப் பக்கம் காட்டினார். எல்லாத் தலைகளும் திரும்பின. நிழலான இடத்தில் மின்விசிறிக் கம்பெனிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுற்றறிக்கையும் திரும்பினார். நர்ஸம்மா பார்த்தார். யார் என்று தெரிந்ததும் அவர் முகம் ஒரு கணம் தடுமாறியது. பிறகு ஒலிபெருக்கியைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"முன் வரிசையில மஞ்சள் சட்டை போட்டிருக்கறவங்க, தயவுசெஞ்சு எழுந்து பக்கவாட்டுக்குப் போங்க. உங்க சட்டையால பந்து தெரியல."

மைதானம் முழுக்க அது கேட்டது. மாடியில் ஏழு பேர் எழுத மறுத்த சொற்கள் ஒலிபெருக்கியில் இரண்டு முறை எதிரொலித்தன. அங்குலம் எழுந்தார். அவ்வளவு பேர் கண்ணும் தன்மேல் இருப்பது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மனைவியும் பையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். பக்கவாட்டில் காலியாக இருந்தது சுற்றறிக்கைக்கு அடுத்த இரண்டு இடங்கள்தான். அங்கேயே போய் உட்கார்ந்தார்கள். கம்பெனிக்காரர் அந்தச் சட்டையைப் பார்த்து, நம்ம நிறமாச்சே, ஏன் எழுப்புகிறார்கள் என்று சுற்றறிக்கையிடம் கேட்டார். சுற்றறிக்கை ஆட்டத்தை மிகக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கலையும்போது நர்ஸம்மா நாற்காலியிலிருந்து இறங்கி நேராக அங்குலத்திடம் வந்தார். கையில் ஒன்பதாம் படிவம். அவருக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனால் கையெழுத்து கலங்கவில்லை. விலங்கு, பறவை, வானிலை மூன்றையும் அடித்துவிட்டுப் பார்வையாளரை விட்டிருந்தார். கீழே, எலுமிச்சை மஞ்சள் சட்டையால் பந்து தெரியவில்லை, ஆட்டக்காரரின் ஆட்சேபம் ஏற்கப்பட்டது, சட்டை அகற்றப்பட்டபின் ஆட்டம் தடையின்றி நடந்தது என்று எழுதியிருந்தது. அங்குலத்தின் மூன்று கடிதங்களிலும் இருந்த அதே விஷயம். இப்போது உரிய படிவத்தில், உரிய நடுவர் கையால்.

அடியில் ஒரு கோடு இருந்தது. இடையூறு செய்தவர் கையொப்பம் (விலங்கு, பறவை நீங்கலாக).

"அண்ணா, இதுல நீங்க கையெழுத்து போட்டாத்தான் சங்கம் ஏத்துக்கும்."

பக்கத்தில் நின்ற சுற்றறிக்கை விதிப் புத்தகத்தை எடுத்து அவசரமாகப் புரட்டினார். எந்த விதியும் அகப்படவில்லை போலிருக்கிறது, மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். அங்குலம் பேனாவின் மூடியைக் கழற்றினார். படிவத்தை மனைவியின் நூலகப் பைமேல் வைத்து, கோட்டுக்கு வெளியே ஒரு நூல்கூடப் போகாமல், தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார்.